கதவு எண் பூஜ்யம்

பேருந்தில் மறந்து விட்டுப்போகும் பொருள்களை உரியவரிடம் ஒப்படைப்பதற்கென்றே எங்கள் ஊரில் ஓர் அலுவலகம் உண்டு. அதற்கு மூன்று மாடி. மக்கள் எவ்வளவு மறதிக்காரர்கள் என்பதற்கு அந்தக் கட்டடமே சாட்சி. குடை, கண்ணாடி, சாப்பாட்டு டப்பா, பல்செட் எல்லாம் தினமும் வரும். ஒருமுறை ஒரு முழுக் கட்டில் வந்தது. அதைப் பேருந்துக்குள் எப்படி ஏற்றினார்கள் என்பதே பெரிய கேள்வி. ஏற்றியவர் அதை எப்படி மறந்தார் என்பது அதைவிடப் பெரிய கேள்வி. இரண்டுக்கும் உரிய அலுவலர் ஆவன செய்துகொண்டிருக்கிறார்.

முன்பெல்லாம் கீழ்த்தளக் கவுண்ட்டரில் வந்து, "என் குடை, கறுப்பு, கைப்பிடி உடைஞ்சது" என்று சொன்னால் எடுத்துக் கொடுத்துவிடுவார்கள். இந்த முறையில் வேகம் இருந்ததே தவிர நவீனம் இல்லை என்று மேலிடம் கண்டுபிடித்தது. அதன் விளைவாகத்தான் ஒப்பந்த அடிப்படையில் நான் அங்கே புரோகிராமராகப் போய்ச் சேர்ந்தேன். C மொழியில் இரண்டு புரோகிராம் எழுதினேன். ஒன்று கீழே கவுண்ட்டரில் இருந்து கேட்கும். அதன் பெயர் கிளையன்ட். மற்றது மூன்றாம் மாடியில் இருந்து பதில் சொல்லும். அதன் பெயர் சர்வர். கீழே இருப்பது, "இந்தப் பொருளைத் தரலாமா?" என்று கேட்கும். மேலே இருப்பது, "தரலாம்" என்றோ "தர இயலாது" என்றோ சொல்லும். மேலே இருந்து பதில் வராமல் ஒரு கைக்குட்டையைக்கூடக் கொடுக்கக் கூடாது என்பது விதி.

இந்த இடத்தில் கொஞ்சம் தொழில் பேச வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு கம்ப்யூட்டரை ஒரு பெரிய கட்டடம் என்று வைத்துக்கொண்டால், அதில் அறுபத்தைந்தாயிரத்துச் சொச்சம் கதவுகள் உண்டு. ஒவ்வொன்றுக்கும் ஓர் எண். எங்கள் ஆட்கள் அதைப் போர்ட் என்பார்கள். நான் கதவு என்றே சொல்லிவிடுகிறேன். சர்வர் ஒரு கதவுக்குப் பின்னால் போய் உட்கார்ந்து காதைத் தீட்டிக்கொண்டிருக்கும். கிளையன்ட் சரியாக அதே எண்ணுள்ள கதவைத் தட்ட வேண்டும். ஆளில்லாத கதவைத் தட்டினால் 'இணைப்பு மறுக்கப்பட்டது' என்று ஒரு வரி வரும். இவ்வளவுதான் சங்கதி. இது புரிய எனக்கு ஒரு வருஷம் ஆனது. உங்களுக்கு ஒரு நிமிஷத்தில் புரிந்திருக்கும். உலகத்தில் நியாயம் ஏது?

நான் எங்கள் சர்வருக்குக் கொடுத்த கதவு எண் ஐயாயிரம். ஒரு காரணமும் இல்லை. சும்மா, மனசில் நிற்கட்டுமே என்றுதான்.

ஒருநாள் காலையில் தையல்காரர் ஒருவர் மூச்சிரைக்க வந்து கவுண்ட்டரில் நின்றார். கழுத்தில் அளவு நாடா அப்படியே தொங்கியது. மறுநாள் அவர் மகளுக்குக் கல்யாணம். "மாப்பிள்ளைக்குக் கோட்டு சூட்டு நானே என் கையால தைச்சுக் குடுப்பேன்" என்று சம்பந்தி வீட்டில் மார்தட்டி வந்த மனுஷர், தைத்தும் முடித்து, பார்சலும் கட்டி, அதைப் பேருந்து சீட்டில் வைத்துவிட்டு இறங்கிவிட்டார். மாப்பிள்ளை இருப்பது வெளியூர். சாயங்காலக் கடைசிப் பேருந்தைப் பிடித்தால்தான் பார்சல் இரவுக்குள் போய்ச் சேரும். அதைப் பிடிக்காவிட்டால் மாப்பிள்ளை மேடையில் வெறும் சட்டையோடு நிற்பார், மாமனார் வாழ்நாள் பூராவும் தலைகுனிந்து நிற்பார்.

கவுண்ட்டரில் இருப்பவரை நாங்கள் எல்லோரும் கவுண்ட்டர் அக்கா என்போம். நல்ல மனசு. ஆனால் விதி என்று வந்துவிட்டால் இரும்பு.

"அக்கா, அதோ ரெண்டாவது தட்டுல இருக்கு பாருங்க. பழுப்புப் பேப்பர், பச்சைக் கயிறு. நான் கட்டின முடிச்சு."

"தெரியுது."

"அப்புறமென்ன, எடுத்துக் குடுங்க."

"என் கண்ணுக்குத் தெரியுது. கம்ப்யூட்டருக்குத் தெரியலையே."

"அதைத் திருப்பி அந்தப் பக்கம் பார்க்க வையுங்க!"

அக்கா சிரிக்கவில்லை. என்னைக் கூப்பிட்டார். போய்ப் பார்த்தேன். திரையில் ஒரே வரி: இணைப்பு மறுக்கப்பட்டது.

"மறுக்கிறது யாரு?" என்றார் தையல்காரர். "சொல்லுங்க, நான் போய்ப் பேசிக்கிறேன். கைகாலைப் பிடிச்சாவது சம்மதிக்க வெச்சுடுவேன். கல்யாணம்னா கல்லும் இரங்கும்மா."

"ஆளு இல்லைங்க, புரோகிராம்."

"புரோகிராமுக்குக் கல்யாண வயசுல பொண்ணு இருந்திருந்தா இப்படிப் பண்ணுமா?"

எனக்கு முதலில் சந்தேகம் வந்தது என் மேல்தான். புரோகிராம் எழுதுகிறவளின் புத்தி அப்படி; ஊரில் மழை பெய்யவில்லை என்றாலும் நாம் எங்கேயோ ஓர் அரைப்புள்ளியை விட்டுவிட்டோமோ என்று தோன்றும். ஒயரைப் பிடுங்கிச் செருகினேன். மேல்மாடிக் கம்ப்யூட்டர் உயிரோடு இருக்கிறதா என்று கீழிருந்தே ஒரு கட்டளை தட்டிக் குரல் கொடுத்துப் பார்த்தேன். உடனே பதில் வந்தது. ஆக, கட்டடம் இருக்கிறது, விளக்கு எரிகிறது, கதவுக்குப் பின்னால்தான் ஆள் இல்லை. மேலே கேட்கலாம் என்றால் இன்டர்காம் கிடையாது. புதிய சிஸ்டம் வந்தபின் அது தேவையற்றது என்று திறப்பு விழா அன்றே கழற்றிவிட்டார்கள். படியேறினேன்.

சர்வர் நன்றாகவே ஓடிக்கொண்டிருந்தது. எந்தக் கதவுக்குப் பின்னால் யார் உட்கார்ந்திருக்கிறார்கள் என்று காட்டும் ஒரு கட்டளை உண்டு. அதைப் போட்டுப் பார்த்தேன். எங்கள் சர்வர் எழுநூறாம் எண் கதவில் உட்கார்ந்திருந்தது. அங்கே அதை நான் உட்கார வைக்கவில்லை.

எண்ணை மாற்றுவதற்கு ஒரு வசதி செய்து, இயக்குநரின் மேஜையில் கொடுத்திருந்தோம். 'உயர் அலுவலருக்கு உரிய கட்டுப்பாடு இருத்தல் வேண்டும்' என்று ஒப்பந்தத்திலேயே இருந்தது. நேரே அவர் அறைக்குப் போனேன்.

"சார், கதவு எண்ணை மாத்துனீங்களா?"

இயக்குநர் நாற்காலியில் சாய்ந்துகொண்டார். "ஏம்மா, நீ எனக்குப் பண்ணின துரோகம் எனக்குத் தெரியாதுன்னு நினைச்சியா?"

"என்ன சார் இது!"

"போன வாரம் கருத்தரங்குக்குப் போனேன். அங்கே பேசினவர் சொன்னாரு, ஆயிரத்து இருபத்து நாலுக்குக் கீழே இருக்கிற எண் எல்லாம் ஒதுக்கப்பட்டது, சிறப்பு அதிகாரம் இருக்கிறவங்கதான் உட்கார முடியும்னு. நான் எழுந்து நின்னு கை தட்டினேன். அப்புறம்தான் யோசிச்சேன். என்னை எங்கே உட்கார வெச்சிருக்கே? ஐயாயிரத்துல! பொதுஜனத்தோட! வெட்டவெளியில!"

அவர் சொன்னது தொழில்நுட்ப ரீதியாக முழுக்கச் சரி. அதுதான் கொடுமை. கருத்தரங்கில் ஒரு வாக்கியம் சரியாகப் புரிந்துவிட்டால் போதும், ஓர் அலுவலகம் காலி.

"சரி சார், எழுநூறாவே இருக்கட்டும். ஆனா கீழே கவுண்ட்டருக்கு அந்த எண் தெரியணுமே."

"சுற்றறிக்கை அனுப்பிட்டேனே."

"எப்படி அனுப்பினீங்க?"

"நம்ம சிஸ்டம் வழியாத்தான். காகிதமில்லா அலுவலகம்னு நாமே போர்டு மாட்டிட்டு நாமே காகிதம் அனுப்பலாமா?"

"சார், புது எண் தெரிஞ்சாத்தான் அந்தச் சுற்றறிக்கை கீழே போய்ச் சேரும்."

"சேரட்டுமே. சேர்ந்ததும் எண் தெரிஞ்சுடும்." இயக்குநர் என்னைப் பரிதாபமாகப் பார்த்தார். "சின்ன விஷயத்தை ஏம்மா சிக்கலாக்குறே?"

கீழே இறங்கி, "அக்கா, எழுநூறுன்னு மாத்திக்குங்க" என்றேன்.

"சுற்றறிக்கை வரட்டும், மாத்துறேன்."

"மாத்தினாத்தான் அது வரும்."

"அது மேலிடத்துப் பிரச்சினை. வாய்வார்த்தையை நம்பி ஒருதரம் ஒரு சைக்கிள் பம்பைக் குடுத்துட்டு இன்னும் விளக்கம் எழுதிட்டிருக்கேன். அதிகாரி வாயால சொல்லட்டும், மாத்துறேன். நீ சொல்லி மாத்தினா நாளைக்கு உன்னையும் என்னையும் சேர்த்துக் கேட்பாங்க."

அவர் சொன்னதிலும் தப்பில்லை. அந்த அலுவலகத்தில் தப்பாகப் பேசியவர் ஒருவர்கூடக் கிடையாது. எல்லோரும் சரியாகவே பேசினார்கள், கோட்டு மட்டும் தட்டிலேயே இருந்தது.

தையல்காரரின் போன் அடித்தது. எடுத்ததும் அவர் குரல் அப்படியே மாறிப்போனது. "ஆங், பஸ்ஸ்டாண்டுலதான் இருக்கேன்... கையிலதான் இருக்கு... பார்த்துக்கிட்டேதான் இருக்கேன் சொல்றேன்ல!" போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "வீட்டுக்காரம்மா. தொலைச்சேன்னு தெரிஞ்சா என்னையும் இங்கேயே கொண்டுவந்து ஒப்படைச்சுடுவா. யாரும் கேட்டு வரமாட்டாங்க." பிறகு மெதுவாக, "பொண்ணு முகத்துல முழிக்க முடியாதும்மா" என்றார்.

அந்த ஒரு வார்த்தை என்னை மறுபடியும் மாடி ஏற்றியது.

மேலே போய்ப் பார்த்தால் எழுநூறாம் கதவிலும் ஆள் இல்லை. நானூற்றைம்பதுக்குப் போயிருந்தது. காரணம், இயக்குநர் அறைக்கு எதிர் அறை. அங்கே இணை இயக்குநர் இருந்தார். அந்த அம்மாவுக்குப் புகார்ப் பிரிவு. அவருக்கும் அதே கம்ப்யூட்டரில் தனி சர்வர் எழுதிக் கொடுத்திருந்தேன். எழுநூறு என்ற செய்தி எதிர் அறைக்குப் போய்ச் சேர ஒரு டீ ஆறும் நேரம்கூட ஆகவில்லை. இந்தச் செய்திக்கு மட்டும் இணைப்பு ஒருபோதும் மறுக்கப்படுவதில்லை. இணை இயக்குநர் அறுநூறுக்குப் போனார். இயக்குநர் நானூற்றைம்பது. அவர் முந்நூறு. இவர் நூறு. சிறப்பு அதிகாரம் இருந்தால்தான் இந்த எண்களில் உட்கார முடியும் என்று கம்ப்யூட்டர் முதலில் மறுத்தது. சிறப்பு அதிகாரம் என்ற சொல்லைக் காதில் வாங்கியதும் இரண்டு பேரும் ஆளுக்கோர் உத்தரவு போட்டு அதை வாங்கிக்கொண்டார்கள். நான் படியில் இறங்கி முடிப்பதற்குள் எண் என்னைவிட வேகமாக இறங்கிக்கொண்டிருந்தது.

மத்தியானத்துக்கு மேல் சத்தம் நின்றது. இணை இயக்குநர் ஒன்றாம் எண்ணைப் பிடித்துவிட்டார். இயக்குநரும் ஒன்று என்று போட, 'முகவரி ஏற்கெனவே பயன்பாட்டில் உள்ளது' என்று அவர் சர்வர் படுத்துவிட்டது.

"என் முகவரியில அந்தம்மா எப்படி?" என்று இயக்குநர் கத்தினார். "காலி பண்ணச் சொல்!"

"ஒரு கதவுல ஒருத்தர்தான் உட்கார முடியும் சார். முதல்ல வந்தவங்களுக்குத்தான்."

"பதவியைப் பார்க்காதா அது?"

"பார்க்காது சார்."

"என்னம்மா புரோகிராம் எழுதியிருக்கே!"

இதற்குள் இணை இயக்குநர் வெற்றிச் செய்தியை நேரில் அறிவிக்கக் கீழ்த்தளத்துக்கே இறங்கிப் போய்விட்டார். நானும் பின்னாலேயே இறங்கினேன். ஐந்து வருஷத்தில் அவர் கவுண்ட்டர் பக்கம் வந்தது அன்றுதான் முதல் தடவை. "எண் ஒன்று. போடுங்க" என்றார். அதிகாரி வாயாலேயே வந்துவிட்டது, அக்கா போட்டுவிட்டார். இணைப்பு உடனே கிடைத்தது. வரிசையில் நின்றவர்கள் கைதட்டினார்கள். தையல்காரர் இரண்டு கையையும் நீட்டினார்.

ஆனால் அந்தக் கதவுக்குப் பின்னால் இருந்தது புகார்ப் பிரிவு அல்லவா? திரையில் பதில் வந்தது. 'தங்கள் புகார் பெறப்பட்டது. புகார்: பழுப்புப் பார்சல், கோட்டு.' அடுத்த நொடியில் இன்னொரு வரி. 'தங்கள் புகார் திருப்திகரமாகத் தீர்க்கப்பட்டது.'

"தீர்ந்துடுச்சாமே" என்றார் அக்கா.

"அப்போ பார்சல்?"

"புகார்தான் தீர்ந்திருக்கு. பார்சல் வேற பிரிவு."

இணை இயக்குநருக்கு ஒரே சந்தோஷம். ஒரு நொடியில் ஒரு புகார் தீர்ந்தது அவர் பிரிவின் வரலாற்றிலேயே கிடையாது. தையல்காரரின் கையைக் குலுக்கிவிட்டு மாடி ஏறிப் போனார். தையல்காரர் குலுக்கிய கையையே பார்த்துக்கொண்டு நின்றார். வெளியே கடைசிப் பேருந்துக்கு ஆட்கள் சேர ஆரம்பித்துவிட்டார்கள்.

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அக்காவுக்கு வேண்டியது சரியான எண் மட்டும் இல்லை, அதிகாரியின் வாய். மேலே ஓடினேன்.

இயக்குநர் இடிந்துபோய் உட்கார்ந்திருந்தார். "ஒன்றுக்கு முன்னாடி ஏதாவது இருக்காம்மா?" என்றார். கேட்ட குரலில் பாவமாகவே இருந்தது.

"பூஜ்யம் இருக்கு சார்."

நிமிர்ந்தார். "போடு!"

பூஜ்யம் என்றால் என்ன என்பதை இங்கே உங்களிடம் மட்டும் சொல்லிவிடுகிறேன். கதவு எண் பூஜ்யம் என்று கேட்டால், கம்ப்யூட்டர் அதை, 'எனக்கு எங்கே என்றாலும் சம்மதம், காலியாக இருக்கிற ஏதாவது ஓர் இடத்தைக் கொடு' என்றுதான் எடுத்துக்கொள்ளும். வெட்டவெளியில் எங்கேயாவது, யாரும் சீந்தாத ஓர் எண்ணைக் கொடுத்து உட்கார வைக்கும். சிறப்பு அதிகாரமும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம். பூஜ்யத்தைப் போட்டேன். ஒரு பிழையும் வரவில்லை. சர்வர் சமர்த்தாக எழுந்து உட்கார்ந்தது. உண்மையில் எங்கே உட்கார்ந்திருக்கிறது என்று கேட்டேன். நாற்பத்து ஓராயிரத்து எண்ணூற்று எழுபத்து மூன்று என்றது.

"என்னம்மா அது பெரிய எண்?" இயக்குநர் கண்ணில் அது பட்டுவிட்டது.

"அது உங்க எண் இல்ல சார். உங்க எண் பூஜ்யம். உங்களை மாதிரி பெரியவங்க நேரா போய்க் கதவைத் திறந்துட்டு நிப்பாங்களா? உங்க சார்பில வாசல்ல நிக்கிற எண் அது."

"உதவியாளர் மாதிரி?"

"அதேதான் சார். ஒன்றாம் எண்ணுல இருக்கிறவங்களுக்கு இந்த வசதி கிடையாது. அவங்களே வந்துதான் கதவைத் திறக்கணும்."

அவர் முகத்தில் வெளிச்சம் போட்டமாதிரி ஒரு சிரிப்பு வந்தது. "அந்தம்மாவே வந்து திறக்கணுமா!" என்று இரண்டு தடவை சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

"ஆனா ஒண்ணு சார். உங்க உதவியாளர் எண்ணை யார் வேணும்னாலும் சொல்லிட முடியாது. பூஜ்யத்துல இருக்கிறவர் தன் வாயாலதான் அறிவிக்கணும். கீழே வரைக்கும் கேட்கிற மாதிரி."

நான் சொன்னது பொய்தான். ஆனால் அன்றைக்கு அந்தக் கட்டடத்தில் உருப்படியாக வேலை செய்தது அது ஒன்றுதான்.

இயக்குநர் கோட்டைச் சரிசெய்துகொண்டு படிக்கட்டுக்கு வந்தார். கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு தொண்டையைக் கனைத்தார். "நாற்பத்து ஓராயிரத்து! எண்ணூற்று! எழுபத்து மூன்று!" மூன்று மாடியும் அதிர்ந்தது. எதிர் அறைக் கதவு திறந்து இணை இயக்குநரின் தலை தெரிந்தது. கீழே இருந்து அக்காவின் குரல், "எழுபத்து மூணா சார், எழுபத்து ஆறா?" "மூன்று! மூன்று!" என்று இயக்குநர் விரலையும் காட்டினார், அக்காவுக்கு அது தெரியாது என்றாலும்.

ஒரு நொடி. அவ்வளவுதான் ஆனது. கீழே திரையில் ஒரு வார்த்தை வந்தது: தரலாம்.

நான் இறங்கி வருவதற்குள் அக்கா பார்சலை எடுத்துக் கவுண்ட்டர்மேல் வைத்திருந்தார். தையல்காரர் அதைக் குழந்தையைத் தொடுவதுபோல் தொட்டுப் பார்த்தார். முடிச்சு அவர் கட்டினதேதான். "நல்லா இருப்பேம்மா, நீ நல்லா இருப்பே" என்று என்னிடம் சொன்னார். எழுதின புரோகிராம் யாரோ ஒருவருக்கு உபயோகப்பட்டதை நான் அதற்கு முன் கண்ணால் பார்த்ததே கிடையாது.

அத்தோடு விட்டிருந்தால் கதை நன்றாக முடிந்திருக்கும். இயக்குநர் கீழே இறங்கி வந்துவிட்டார், கூடவே போட்டோ எடுக்க ஓர் ஆள்.

"பூஜ்யத்திலிருந்து சேவை பெற்ற முதல் குடிமகன்!" என்று தையல்காரரைத் தோளோடு அணைத்துக்கொண்டார். "இவருக்கு இன்று முதல் பயனாளி எண் ஒன்று வழங்கப்படுகிறது." சட்டைப்பையிலிருந்து ஓர் அட்டையை எடுத்து அதில் ஒன்று என்று எழுதி, கையெழுத்துப் போட்டுக் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார். "இந்தப் பொண்ணு ஒப்பந்த ஆள்தான். இருந்தாலும் பாராட்டணும். இவளை ஒதுக்கப்பட்ட பகுதிக்குள்ள கொண்டு வரேன். ஆயிரத்து இருபத்து மூன்று!"

ஒதுக்கப்பட்ட பகுதியின் கடைசி எண் அது. ஒருவருக்கும் எதற்கும் உதவாது. நானே அறிவேன். இருந்தாலும் எல்லோரும் கைதட்டினபோது, கன்னம் கொஞ்சம் சூடானது என்னவோ நிஜம்.

வரிசையில் தையல்காரருக்குப் பின்னால் நின்றிருந்த ஒருவர், ஓய்வுபெற்ற தலைமையாசிரியர், குடை தேடி வந்தவர், முன்னால் வந்தார். "அதெப்படி இவர் எண் ஒன்று? கதவு திறக்கிறதுக்கு முன்னாடியே வந்து நின்னவன் நான். டீ குடிக்கப் போன நேரத்துல இவர் உள்ள பூந்துட்டாரு."

அதுவரை எலிக்குஞ்சு மாதிரி நின்ற தையல்காரர் மெதுவாகத் திரும்பினார். அட்டையைத் தூக்கிக் காட்டினார். "இது என்னன்னு தெரியுதா சார்?"

"தெரியுது. அது எனக்கு வரவேண்டியது."

"வரவேண்டியவங்களுக்குத்தான் வரும். பூஜ்யத்துக்கு அடுத்து நான். ஞாபகம் வெச்சுக்குங்க."

"ஒரு கோட்டு தைக்கிறவருக்கு இவ்வளவு..."

"என்ன சொன்னீங்க? இன்னொரு தரம் சொல்லுங்க!"

வரிசை முழுக்கச் சேர்ந்துகொண்டது. பல்செட் தேடி வந்தவர் தனக்கு இரண்டாவது எண் வேண்டும் என்றார். பேச்சு புரியவில்லை என்று யாரும் அவரைக் கணக்கில் எடுக்கவில்லை. காலையிலிருந்து மாடியில் நடக்கும் எண் சண்டையைக் கேட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்த அதே ஆட்கள்தான். வெளியே பேருந்து ஹாரன் அடித்தது. தையல்காரர் அட்டையைத் தலைக்கு மேல் பிடித்தபடி, "வழி விடுங்க, எண் ஒன்று போகணும்" என்று எல்லோரையும் விலக்கிக்கொண்டு, கல்யாண வீட்டுக்காரரின் மிடுக்கோடு வெளியே போனார்.

பார்சல் கவுண்ட்டரில் இருந்தது.

நானும் அக்காவும் அதைப் பார்த்தோம். அக்கா கீபோர்டைத் தன் பக்கம் இழுத்தார். "கண்டெடுத்த இடம், நம்ம கவுண்ட்டரே. பதிவு பண்ணிடவா?"

"அக்கா, கையை எடுங்க!" பார்சலை வாரிக்கொண்டு ஓடினேன். படியில் ஒரு செருப்பு கழன்றது, விட்டுவிட்டேன். பேருந்து நகர ஆரம்பித்திருந்தது. படிக்கட்டில் நின்றிருந்த தையல்காரர் என்னையும் பார்த்தார், பார்சலையும் பார்த்தார். முகத்தில் ரத்தமே இல்லை. "ஐயய்யோ, மாப்பிள்ளை கோட்டு!" என்று கையை நீட்டினார். கண்டக்டர் விசில் ஊதி வண்டியை நிறுத்தினார்.

நீட்டின கை பாதியில் நின்றது. மனுஷருக்கு ஏதோ நினைவுக்கு வந்துவிட்டது. நிமிர்ந்து நின்றார்.

"ஆமா, உங்களுக்கு என்ன எண் குடுத்தாங்க?"

மூச்சு வாங்கியது. ஒரு காலில் செருப்பில்லை. 'யோவ், கோட்டைப் பிடி' என்று சொல்லியிருக்க வேண்டும். "ஆயிரத்து இருபத்து மூணு" என்றேன். கொஞ்சம் நிமிர்ந்துகொண்டேதான் சொன்னேன்.

"அவ்வளவு பின்னாலயா?" என்றார் தையல்காரர். பெருந்தன்மையாகப் பார்சலை வாங்கிக்கொண்டார். "பரவாயில்ல. நல்லாத்தான் வேலை பார்க்கிறீங்க."

பேருந்து போய்விட்டது. மாப்பிள்ளைக்குக் கோட்டு கிடைத்துவிடும், மகள் சிரிப்பாள், அப்பா மானம் பிழைத்தது. சந்தோஷப்பட வேண்டிய நேரம். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவ்வளவு பின்னாலயாமே! இவருக்காக மூன்று மாடியை எத்தனை தடவை ஏறி இறங்கினேன்!

செருப்பைத் தேடி எடுத்துக்கொண்டு கவுண்ட்டருக்கு வந்தேன். வரிசை இன்னும் சண்டை போட்டுக்கொண்டிருந்தது. அக்கா அமைதியாக மேஜையைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"குடுத்துட்டியா?"

"குடுத்துட்டேன்."

"நல்லதாப்போச்சு. நீ போனதும் சார் எனக்கும் ஓர் எண் போட்டுக் குடுத்துட்டுப் போனாரு."

"என்ன எண்?"

"ஆயிரத்து இருபத்திரண்டு" என்றார் அக்கா, துணியை மடித்துக்கொண்டே.

நான் செருப்பைக்கூட மாட்டவில்லை. கையில் பிடித்துக்கொண்டே மூன்றாம் மாடிக்கு ஏறினேன்.